ஆறு மெத்தைக் கொள்கை: புனே நகரின் சிறுகூட நிதிக் கச்சேரிகளில் ராக் ரசிகர் ஆற்றும் பணி – ஓர் ஆய்வு

புனே நகரத்தின் முண்ட்வாப் பகுதியில் உள்ள ஓர் இசை விடுதியில், சென்ற டிசம்பரின் ஒரு சனிக்கிழமை இரவு, இரண்டாம் தூணுக்கு இடப்பக்கம் ஒன்றேகால் சதுர அடி இடத்தில் மூன்றரை மணி நேரம் நின்றபடி திரட்டிய தரவுகளைக் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. உட்கார நாற்காலி கிடைத்திருந்தால் முடிவுகள் வேறாக இருந்திருக்கும் என்பதை ஆய்வு நேர்மை கருதி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராக் இசையைப் பற்றி நூல்கள் ஏராளம். கிதார்காரருக்கு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. டிரம்மருக்கு இரங்கல் கட்டுரை இருக்கிறது. மேலாளருக்குக்கூட நீதிமன்றத் தீர்ப்பாவது இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்கிற மனிதரைப் பற்றி மட்டும் ஆய்வுலகம் வாய் திறப்பதில்லை. அதிலும் எவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்காகவோ நூற்றைம்பது பேர் கொள்ளும் கூடத்தில் வந்து நிற்பவரை யாரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதே என் நோக்கம். ‘நிரப்புவது’ என்ற சொல்லைத் தெரிந்துதான் போட்டிருக்கிறேன்.

எல்லையும் கருதுகோளும்

பெரிய திருவிழாக்கள் இந்த ஆய்வில் இல்லை. 2010-இல் இதே புனேயில், கோரேகாவ் பார்க் பக்கம் தொடங்கிய என்.ஹெச்.7 வீக்கெண்டர் போன்றவற்றில் ரசிகர் என்பவர் மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு கடுகு. அவர் வந்தாலும் வராவிட்டாலும் படத்தில் வித்தியாசம் தெரியாது. சிறுகூடத்தில் அப்படியில்லை. ஒருவர் சிறுநீர் கழிக்கப் போனாலே மேடையில் இருப்பவருக்குத் தெரியும். சில பாடகர்கள் காரணமும் கேட்பார்கள்.

நிதிக் கச்சேரிக்கு வரும் ரசிகர் மூன்று விதமாக உதவுவதாக ஊரில் நம்பிக்கை: பணம் தருகிறார், கைதட்டுகிறார், கேட்கிறார். மூன்றுமே மிகை. சீட்டு ஐந்நூறு ரூபாய். அதே தொகைக்கு உள்ளே ஒரு தட்டு பனீர் டிக்கா வாங்கிவிட்டு விலை அதிகம் என்று அவரே புலம்புகிறார். கைதட்டுவது கிதார் ஒலிக்கும்போது அவர் காதுக்கே எட்டாது. கேட்பதோ, பாதி நேரம் பக்கத்தில் நிற்பவரிடம் “என்ன சொன்னே?” என்று கேட்பதில் கழிகிறது. அவர் தரும் உண்மையான கொடை அவருடைய உடம்பு. என் கருதுகோள் இது: நிதிக் கச்சேரியின் ரசிகர் ஒரு மெத்தை. கணக்காகச் சொன்னால், ஆறு மெத்தை.

முன்னோர்

நிதிக்காகப் பாடுவது புதிதல்ல. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் ஹாண்டலின் ‘மெசையா’ அரங்கேறியபோது, வந்த வசூல் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை மீட்கவும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போனது. கூட்டம் நெருக்கும் என்று தெரிந்ததும் விழாக் குழுவினர் ஒரு வேண்டுகோள் விட்டார்கள்: பெண்மணிகள் பாவாடைக்குள் வளையக் கூடு அணியாமலும், ஆடவர் இடுப்பில் வாள் இல்லாமலும் வரவேண்டும். அதனால் ஏறத்தாழ எழுநூறு பேரை அடைக்க முடிந்தது. ரசிகரின் மதிப்பு அவர் அடைக்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் என் கண்ணில் படவில்லை.

நம் பக்கத்தில், எம்.எஸ். சுப்புலட்சுமி 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்குப் பாடினார். பிறகு வாழ்நாள் முழுக்க யார் யாருக்கோ பாடிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அங்கே ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதால் இந்த ஆய்வுக்கு அவர்கள் பயன்படவில்லை.

ராக் உலகம் தன் ஆதி நிதிக் கச்சேரியாகச் சொல்லிக்கொள்வது, 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்தியதை. ஒரே நாளில் இரண்டு காட்சி, சுமார் 40,000 பேர். சிதாரும் சரோதும் சுருதி சேர்த்து நிறுத்தியதுமே கூட்டம் ஆர்ப்பரித்துக் கைதட்டியது. சுருதி கூட்டியதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். சீட்டு வசூலான 2,43,000 டாலர் சொச்சம் யூனிசெஃப் கைக்குப் போனது. இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெருந்தொகை, முன்கூட்டியே அறப்பணியாகப் பதிவு செய்யாத குறையால் வரி வழக்கில் பல ஆண்டு மாட்டிக்கொண்டது. எங்கள் முண்ட்வாக் கச்சேரிக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. வரும் அளவுக்குத் தொகை இல்லை.

களம்

கச்சேரி ஒரு சவுண்டு இன்ஜினியருக்காக. நம் ஊரில் மைக் செட்காரர் என்போம். இந்நகரின் குழுக்களில் பாதிக்கு மேல் அவர்தான் ஒலி கலந்து கொடுத்தவர். மேடையில் யாரும் பெயர் சொல்லாத ஆள். மைக் ஊளையிட்டால் மட்டும் கூடமே திரும்பிப் பார்க்கும் ஆள். நவம்பரில் ஓர் இரவு வேலை முடித்துப் போகும்போது பைக் சறுக்கி வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மாதச் சம்பளம் கிடையாது, காப்பீடு கிடையாது. நான்கு குழுக்கள் காசு வாங்காமல் வாசிக்கிறோம் என்றன. விடுதிக்காரர் வாடகை வேண்டாம் என்றார். ஒலிபெருக்கிகள் இரவல் வந்தன. எல்லாம் கூடிவந்த பிறகுதான் ஒரு குறை தெரிந்தது: ஒலி கலக்க ஆள் இல்லை. கலக்கத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருக்கிறார். அவருடைய உதவியாளன், மீசை இன்னும் முடிவெடுக்காத பையன், பலகையின் முன்னால் உட்கார்ந்து பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொத்தான்களும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

என்னுடன் வந்தவர் அலுவலகத்துத் தம்பி ஒருவர், பேராவூரணிப் பக்கம். ராக் இசை கேட்டதில்லை. கச்சேரி முடிந்ததும் ரயில் நிலையத்தின் பக்கம் வண்டிக்கடையில் முட்டை புர்ஜி வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிவந்தேன். நாட்டார் வழக்காற்றியலில் இப்படிப்பட்டவரைத் தகவலாளர் என்பார்கள். இனி அவர் அப்படியே அழைக்கப்படுவார்.

வாசலில் முதல் சோதனை தலைக்கவசம். புனே பைக்காரர்களின் ஊர். நூறு பேர் கூடினால் எண்பது தலைக்கவசம் கூடவே வரும். டப்ளினில் வாளையும் வளையக் கூட்டையும் தடுத்த மாதிரி இங்கே இதைத் தடுக்கிறார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அறிவிப்பு, புனேக்காரர்களின் அந்தப் புகழ்பெற்ற வாசல் பலகைகளுக்கே உரிய குசும்போடு மராத்தியில் எழுதியிருந்தது: தலைக்கவசத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, உள்ளே இருந்த தலைக்கும் பொறுப்பல்ல. காவலாளி என் நீல நிறத் தலைக்கவசத்தை வாங்கி, அட்டையில் கையால் எழுதிய 43-ஆம் எண் டோக்கனைக் கொடுத்தார். 4 மை கலைந்து 9 போலத் தெரிந்ததை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. ஆய்வாளர்கள் சிறு தரவுகளை இப்படித்தான் கோட்டைவிடுகிறார்கள்.

அடுத்து மேடையை அளந்தேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இருபத்துநான்கு பெருவிரல் கொண்டது ஒரு கோல் என்று வைத்து, அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என்று விதிக்கிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. நான் முதல் குழு வருவதற்கு முன் மேடை ஓரத்தில் குனிந்து கட்டைவிரலால் அளந்தேன். அகலம் ஆறு கோலுக்கு நான்கு விரல் குறைவு. உயரம் ஒன்பது விரல். அதாவது தடுக்கி விழத் தேவையானதைவிட ஒரு விரல் அதிகம். தூணின் நிழலைப் பற்றிக் கவலையே வேண்டியதில்லை, தூணே மேடைக்கு முன்னால் நிற்கிறது. அன்றிரவு வாசித்த நான்கு டிரம்மர்களின் இடக்கையை மட்டுமே நான் அறிவேன். நான்கும் நல்ல கைகள்.

அளந்துகொண்டிருக்கும்போது காவலாளி வந்து, “தாதா, காய் ஷோத்தாய்?” என்றார். எதைத் தேடுகிறீர்கள் அண்ணா என்று பொருள். மராத்தியில் தேடுவதற்கும் ஆராய்வதற்கும் வேர் ஒன்றுதான், ஷோத். “ஆமாம், அதேதான் செய்கிறேன்” என்றேன். தொலைந்த பொருள் கிடைத்தால் மேசையில் கொடுத்துவிடச் சொன்னார்.

மெத்தை

இனி ஆய்வின் உயிர்நிலை.

ஏழரை மணிக்கு ஒலி சரிபார்ப்பு. கூடத்தில் குழுவினர், பரிமாறுபவர்கள், நாங்கள் எல்லாரும் சேர்ந்து பத்தொன்பது பேர். டிரம்மர் ஒரு தட்டு தட்டினால் அது சுவரில் முட்டி, கூரையில் முட்டி, கழிப்பறைக் கதவில் முட்டி, பஞ்சாயத்துக்குப் போய்த் திரும்பியது. பாடகி ‘செக்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சொன்னார். மூன்று செக் கேட்டது. அவர் மைக்கை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பியதும் நாய் ஊளையிட்டது போல ஒரு சத்தம். ஒலிபெருக்கியிலிருந்து வருவது மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஒலிபெருக்கி வழியாக வந்து மறுபடி மைக்குக்குள் புகுவதால் வரும் வினை அது. வெறும் சுவர்கள் சூழ்ந்த கூடத்தில் இது இன்னும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். பையன் பயந்துபோய் எல்லாவற்றையும் கீழே இறக்கினான். கிதார்காரர் அவனைப் பார்த்துச் சொன்னது, உலகத்தின் எல்லா மைக் செட்காரர்களும் எல்லாக் காலத்திலும் சொல்லிவருவதுதான்: ஆள் வந்தால் சரியாகிவிடும்.

இது ஆறுதல் வார்த்தை அல்ல, இயற்பியல். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை என்று புகார் வந்தது. ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை அறையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சீராக்கும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. கையில் ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்துக் கடிகாரம், சொந்தக் காது, இவ்வளவுதான் கருவி. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகத் தூக்கிவந்து மண்டபத்தில் பரப்பி, அளந்து, விடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைப்பார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. மனிதர்களை உட்கார வைத்தும் பார்த்தார். ஒரு மனித உடம்பு ஏறக்குறைய ஆறு மெத்தைக்குச் சமமாக ஒலியைக் குடிக்கிறது. தான் போட்டிருக்கும் துணியே கணக்கைக் கெடுக்கிறது என்று கண்டதும், சேர்த்த அளவுகளைக் குப்பையில் போட்டுவிட்டு ஒரே உடுப்பில் மறுபடி முதலிலிருந்து அளந்தார். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அந்தக் கணக்கில் எழுந்ததுதான். ஒலி உறிஞ்சும் அளவுக்கே சபைன் என்று பெயர் வந்துவிட்டது.

அந்த மெத்தைகள் ஏதும் பேசாமல் கிடந்தன. ராக் ரசிகர் ‘ஊ’ என்று கத்துகிறார், பியர் சிந்துகிறார். மற்றபடி பணி ஒன்றே. சபைனின் உடுப்பு விதியைப் பின்பற்றினால் இன்னொரு முடிவும் கிடைக்கிறது: மே மாத ரசிகரைவிட டிசம்பர் ரசிகர் மேல். புனேயின் குளிரில் கறுப்பு பனியன் மேல் தலைமூடி வைத்த தடித்த ஸ்வெட்டர், அதற்கு மேல் பைக் ஜாக்கெட். ஆறு மெத்தை என்பதை ஏழு என்று திருத்தலாமா என்று நெறியாளர் யாராவது சொன்னால் தேவலை. பேஸ் கிதாரின் தாழ்ந்த ஒலி மட்டும் மெத்தைக்கும் மனிதருக்கும் அவ்வளவாக அடங்காது. அதற்குக் கனத்த சுவரும் காசும் வேண்டும்.

இதே டிசம்பரில், இதே ஊரில், பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா நடக்கிறது. தரையில் உட்காரும் ரசிகர்கள் பாய், சால்வை, தலையணை, பிளாஸ்கில் தேநீர் சகிதம் வருவார்கள். அங்கே ரசிகர் மெத்தை கொண்டுவருகிறார். இங்கே ரசிகரே மெத்தை.

ஆனால் மெத்தையைத் தூக்கிப் போட்ட இடத்தில் அது கிடக்கும். ரசிகர் கிடக்க மாட்டார். எட்டேகாலுக்கு முதல் குழு தொடங்கியபோது ஐம்பது பேர் இருந்தும் மேடைக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு மொட்டைத் தரை. சிறுகூடக் கச்சேரிகளில் இந்தப் பிறை தவறாமல் வரும். எல்லாரும் பின் சுவரில் பல்லியைப் போல ஒட்டி நிற்பார்கள். முதலில் போய் நிற்பவர் களப்பலி அரவான். பாடகர் கெஞ்சினார். “புடே சலா, புடே சலா” என்றார். புனேப் பேருந்தில் நடத்துநர் நாள் முழுக்கச் சொல்லும் அதே வார்த்தை, முன்னே நகருங்கள் என்று. பேருந்தில் எப்படி ஒருவரும் நகர மாட்டார்களோ அப்படி ஒருவரும் நகரவில்லை.

தகவலாளர் மட்டும் நேராகப் போய் மேடையை ஒட்டி நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பது போல கிதார்காரரைப் பார்த்தார். பின்னால் நான்கு பேர் போனார்கள், பிறகு பத்து பேர்.

“எப்படிப்பா போனே?” என்று இடைவேளையில் கேட்டேன்.

“மொய் எழுதுற எடத்துல மொத ஆளு நின்னாத்தாண்ணே மத்தவன் வருவான்.”

மொய்

தகவலாளரின் இந்த வாக்கு ஆய்வின் போக்கையே திருப்பிவிட்டது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஆனி, ஆடியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமும் இல்லை காதுகுத்தும் இல்லை. முடை தீர ஒருவர் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார். ஊர் திரண்டுவந்து சாப்பிட்டு மொய் எழுதும். நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். நாளை அவர் வீட்டில் பந்தல் விழும்போது இவர் வட்டியில்லாமல், ஆனால் கொஞ்சம் கூட்டி, திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாதவர் பெயர் ஊரில் நாறும்.

“இதுவும் அதானேண்ணே” என்றார் தகவலாளர். “சோறுதான் இல்ல.”

அவர் சொன்ன பிறகு நான்கு குழுக்களையும் வேறு கண்ணோடு பார்த்தேன். இரண்டாவது குழுவின் கிதார் மூன்றாவது குழுவுடையது. நான்காவது குழுவின் பாடகி முதல் குழுவுக்குப் பின்பாட்டு. போன ஆண்டு ஒருவருடைய அப்பாவின் இருதய அறுவைக்கு இதே நான்கு குழுக்களும் வாசித்தனவாம். அன்று ஒலி கலந்தது, இன்று கால் முறிந்து கிடப்பவர். காசு வாங்காமல். நோட்டு எங்கேயும் எழுதவில்லை. ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம்.

நோட்டுக்குப் பதிலாக ஒன்று இருந்தது. வாசல் மேசையில் கியூஆர் அட்டை, பக்கத்தில் பணம் வந்ததைச் சொல்லும் சின்ன ஒலிப்பெட்டி. காய்கறிக் கடையில் இருக்குமே, அதே. பாட்டு ஓடும்போது அது பேசுவது கேட்காது. பாட்டு முடிந்து, கிதார்காரர் அறுந்த தந்தியை மாற்றக் குனிந்து, கூடம் அமைதியான அந்தக் கணத்தில் மராத்திப் பெண்குரல் ஒன்று தெளிவாக ஒலித்தது: “பாச்சே ருபயே ப்ராப்த ஜாலே.” ஐந்நூறு ரூபாய் வந்து சேர்ந்தது. கூட்டம் கைதட்டியது. அன்று வாசித்த எதற்கும் அவ்வளவு தெளிவாகக் கைதட்டல் விழவில்லை. அடுத்து ஆயிரம். விசில். கிதார்காரர் தந்தி மாற்றுவதை வேண்டுமென்றே மெதுவாக்கினார் என்று சந்தேகப்படுகிறேன். அதற்கடுத்து அந்தக் குரல், அதே நிதானத்தில், “தஹா ருபயே ப்ராப்த ஜாலே” என்றது. பத்து ரூபாய். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடு வகுத்தார். நகை கூட்டத்துக்கும், இளிவரல் மேசை அருகே கைப்பேசியோடு நின்ற ஓர் இளைஞனுக்கும் ஆயிற்று. பணம் போகிறதா என்று சோதித்துப் பார்த்தேன் என்றான் பாவம். உடனே அடுத்து இருநூறு அனுப்பினான். நம் ஊர்ப் பந்தல்களில் ஒலிபெருக்கியில் மொய் வாசிப்பதைத் தடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், ஒரு காலத்தில். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சுழி

மூன்றாவது குழு கனத்த மெட்டல். இதில் ரசிகர்கள் வட்டமாக ஓடி இடித்துக்கொள்வார்கள். 2013-இல் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இந்த ஓட்டங்களின் காணொளிகளை எடுத்து ஆராய்ந்து, முட்டி மோதுகிறவர்கள் வாயு மூலக்கூறுகளைப் போலவும், வட்டமாக ஓடுகிறவர்கள் நீர்ச்சுழி போலவும் நடப்பதைக் காட்டினார்கள். பெரும்பாலான சுழிகள் இடஞ்சுழி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. சைவ சித்தாந்தி யாரும் அந்தக் குழுவில் இல்லாததால், இது அப்பிரதட்சிணம் என்பதைக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

முண்ட்வாவில் பதினொரு பேர் கொண்ட சுழி, தூணையே மூலவராகக் கொண்டு இடஞ்சுழியாகத் தொடங்கியது. தகவலாளரும் உற்சாகமாகி உள்ளே போனார். சிறு வயதிலிருந்து கோயில் கண்ட கால் வலமாகத்தான் போகும். முதல் சுற்றிலேயே எதிரே வந்த நான்கு மூலக்கூறுகளோடு மோதினார். அவர்களில் மிகப் பெரிய உடம்பு, தாடி, முழங்கை வரை பச்சை குத்திய ஒருவர், இவரைக் கீழே விழாமல் இரண்டு கைகளாலும் பிடித்து, திசை திருப்பி விட்டு, முதுகில் தட்டினார். கீழே விழுந்தவரைத் தூக்கிவிட வேண்டும் என்பது மெட்டல் கூட்டத்தின் முதல் விதி. நம் ஊர் தேர்த் திருவிழாவிலும் அதே விதியைக் கொண்டுவரலாம்.

பத்து மணிக்கு முற்றத்து ஒலிபெருக்கியை நிறுத்தி, கதவுகளைச் சாத்தினார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய கூடத்துக்கு விலக்கு உண்டு. விநாயகரைக் கரைக்கப் போகும்போது 24 மணி நேரத்துக்கு மேல் டோல்-தாஷா அடிக்கும் ஊரில் ராக் இசை ஒரு தாலாட்டு. ஆனாலும் என் கைப்பேசி 101 டெசிபல் காட்டியது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கில் 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நான் பஞ்சு வைத்திருந்தேன். தகவலாளர் கைதுடைக்கும் காகிதத்தைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். இரண்டும் பெரிதாக எதையும் தடுக்காது. மருந்துக் கடையில் நுரை அடைப்பான் வாங்கிப் போவதே சரி.

சான்று

ஒன்பதேகாலுக்கு எண்ணியபோது கூடத்தில் 118 பேர். ஆறு மெத்தைக் கணக்கில் 708 மெத்தை. ஊளை நின்றுவிட்டது. பாடகியின் சொற்கள் தனித்தனியாக விழுந்தன. அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து சவுண்டுக்காரர் காணொளி அழைப்பில் வந்தார். பையன் கைப்பேசியைக் கூட்டத்துக்குக் காட்டாமல் ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எல்லாரும் “ஹாய்” என்று கத்தினோம். அவர் யாருக்கும் கையாட்டவில்லை.

“எத்தனை பேர்?” என்றார் இந்தியில்.

“நூறுக்கு மேல்.”

“அப்படின்னா இருநூற்றைம்பது ஹெர்ட்ஸை இன்னும் கொஞ்சம் வெட்டு. டிரம்ஸைத் தொடாதே. கூட்டம் போனதும் திரும்ப ஏற்று.”

பையன் ஒரு பொத்தானை அரை விரல் கீழே இறக்கினான். அதுவரை கூடத்தை ஏதோ ஒரு கம்பளிப் போர்வை மூடியிருந்தது என்பதே அது விலகிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாவது குழு முடிந்தது. சிறுகூடக் கச்சேரிகளின் சாபம் தொடங்கியது: ஒவ்வொருவரும் தத்தம் நண்பனின் குழு முடிந்ததும் கிளம்புவது. கட்டித் தழுவல், “மச்சா, செம” வகை மராத்திப் பாராட்டு, ஹெல்மெட் டோக்கன், வெளியே. பத்தரைக்கு நான்காவது குழு ஏறியபோது 41 பேர். 77 பேர் போனார்கள். 462 மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான்கில் மிக நன்றாக வாசித்த குழு அதுதான். டிரம்மின் அடி மறுபடி கழிப்பறைக் கதவுவரை போய்த் திரும்பியது. மைக் ஒருமுறை முனகியது. பையன் எழுந்து நின்று, இருப்பவர்களைக் கையால் கூப்பிட்டு, சுவரோரமாக நிற்கச் சொன்னான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் நாற்பத்தொரு பேரும் கழிப்பறைப் பக்கச் சுவரை மறைத்து வரிசையாக நின்றோம், ஜாக்கெட்டை மூடிக்கொண்டு. எதிரொலி குறைந்ததா என்றால், குறைந்தது. தகவலாளர் கேட்டார்: “அண்ணே, நாம இங்க என்ன செய்யுறோம்?” பதில் சொல்லப் பாட்டின் நடுவே நேரம் இல்லை.

மொத்த வசூல் 86,000 ரூபாய் சொச்சம். அறுவைச் செலவில் பாதிக்குச் சற்று மேல். மீதிக்கு இன்னொரு கச்சேரி வைக்கிறார்கள், பிப்ரவரியில். வருகிறவர்கள் நான்காவது குழு முடியும்வரை இருந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். பாட்டுப் பிடிக்காவிட்டாலும் சரி, சுவரோரமாக நின்றால் போதும்.

பின்னிணைப்பு

டோக்கன் எண் 93-ஐ வைத்திருந்தவர் அன்றிரவு 43-ஆம் எண்ணுக்குரிய நீல நிறத் தலைக்கவசத்தை எடுத்துப் போயிருக்கிறார். வலப்பக்கம் ஒரு கீறல், உள்ளே பட்டையில் திருநீறு. அவருடைய ஆரஞ்சு நிறத் தலைக்கவசம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் தலைக்கு இரண்டு அளவு பெரிது, புர்ஜிக் கடைவரை அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். பிப்ரவரிக் கச்சேரிக்கு அவர் என் நீல நிறத் தலைக்கவசத்தைக் கொண்டுவந்தால் போதும். இரண்டாம் தூணுக்கு இடப்பக்கம் நிற்பேன்.